மூன்றாம் குட்டை இன்னும் சாகவில்லை

ஜூன் 4

பெறுநர்:
பொறுப்பு அலுவலர்,
நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகம்.

ஐயா,

இத்துடன் இரண்டு புட்டிகள் அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் ஸ்பிரிட்டில் போட்ட இறால்கள் இருக்கின்றன. சிவப்பு மூடி என் பண்ணையின் முதலாம் குட்டை. நீல மூடி மூன்றாம் குட்டை. மற்ற இரண்டு குட்டைகளில் இரண்டு வருடமாக எதுவும் விடவில்லை. காரணம் உங்கள் அலுவலகத்துக்கே தெரியும்.

முதலாம் குட்டையில் சென்ற மாதம் இருபத்தைந்தாம் தேதி தட்டில் வைத்த தீவனம் வைத்தபடியே கிடந்தது. மறுநாள் இறால்கள் கரையோரம் ஒதுங்கி, கையால் அள்ளலாம்போல் மந்தமாக நின்றன. தலையோட்டில் வெள்ளைப் புள்ளிகள். நாலாம் நாள் குட்டை முடிந்துவிட்டது. இது என்ன நோய் என்று சொல்ல எனக்கு ஆய்வகம் தேவையில்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவள்தான்.

என் கேள்வி மூன்றாம் குட்டையைப் பற்றியது. இரண்டிலும் ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளைத்தான் விட்டேன். தீவனம் ஒன்று, கால்வாய்த் தண்ணீர் ஒன்று. வலை வீசுகிறவரும் ஒருவரே. நெட்டையாக, கரையில் அசையாமல் நிற்பதால் அவரைக் கொக்கு என்று கூப்பிடுவோம். உங்கள் அலுவலர் ஒருவருக்கு அவரை நன்றாகத் தெரியும். மூன்றாம் குட்டையிலும் சில இறால்களுக்குப் புள்ளி விழுந்திருக்கிறது. ஆனால் அவை தின்கின்றன, நீந்துகின்றன. நாளைக்கு இரண்டோ மூன்றோதான் சாகின்றன. பத்து நாளாகிவிட்டது. மூன்றாம் குட்டை இன்னும் சாகவில்லை. ஏன்?

பதிலைக் கடிதமாகவே அனுப்பவும். தொலைபேசி வேண்டாம். மாதிரி அனுப்புகிறவருக்கும் ஆய்வாளருக்கும் என்ன உறவு என்று கேட்கும் கட்டம் உங்கள் படிவத்தில் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்படிக்கு,
பண்ணை உரிமையாளர்


ஜூன் 7

அக்காவுக்கு,

'ஐயா' என்று எழுதியிருந்தாய். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். கடிதத்தில் கொக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் ஜீப் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் எண்ணை நீ இன்னும் முடக்கித்தான் வைத்திருக்கிறாய். அத்தானை ஐஸ் தொழிற்சாலை போனில் பிடித்தேன். "நீயாச்சு, உங்க அக்காவாச்சு. நடுவுல என்னை மாட்டி விடாதப்பா" என்று வைத்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு புட்டியிலும் வைரஸ் இருக்கிறது. சிவப்பு மூடியில் கணக்கில்லாமல். நீல மூடியில் கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு இதை நான் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதாதே என்று சொல்லாதே, அக்கா. உனக்குக் கீழே அதே கால்வாயில் பதினோரு பேர் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை பதிவேட்டுக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் ஜீப்பை அனுப்பினேன்.

விதிப்படி இரண்டு குட்டையிலும் ப்ளீச்சிங் பவுடர் கொட்ட வேண்டும். எங்கள் மேடத்திடம் போய் நின்றேன். நீல மூடிப் புட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "பத்து நாளா வைரஸோட குடித்தனம் பண்ணுதா? அதைக் கொன்னுட்டா நாம யாருகிட்ட போய்க் கேக்கறது?"

ஆகவே முதலாம் குட்டைக்கு மட்டும் பவுடர். மூன்றாம் குட்டைக்கு இருபத்தொரு நாள் அவகாசம். மதகை அடைத்து முத்திரை வைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது. கரையைச் சுற்றி நண்டு ஏறாதபடி வலை, மேலே பறவை இறங்காதபடி கயிறு. இன்றைக்கே ஆரம்பித்துவிடு.

சில உயிர்கள் பிறவியிலேயே நோயை எதிர்க்கும். உன் குட்டையில் அப்படி ஒரு கூட்டம் இருந்தால், அவற்றின் வாரிசுகளை வைத்தே எத்தனையோ பண்ணைகள் பிழைக்கும். உயிரோடு நாற்பது இறால் வேண்டும். ஆக்ஸிஜன் பை, இரட்டை உறை எல்லாம் ஜீப்பில் இருக்கின்றன. கொக்கிடம் சொல்லி நோகாமல் பிடிக்கச் சொல்.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

உன் டிரைவர் சொன்னபடியே நின்றார். நான் படித்து முடித்ததும் "சார் உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு பாத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்று போய்ச் சொல்லச் சொன்னேன்.

நாற்பது இறாலையும் கொடுத்துவிட்டேன். முதலாம் குட்டைக்குப் பவுடர் கொட்ட வருகிறவர்களுக்குக் கதவும் திறந்துவிடுவேன். நீ பதிவேட்டில் எழுதுவதை நான் தடுக்கவில்லை. அன்றைக்கும் தடுத்திருக்க மாட்டேன். அது உனக்கு இதுவரை உறைத்ததாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் உன்னிடம் நாலு இறாலை ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினேன். "சும்மா பாத்துச் சொல்லுடா, மனசு சரியில்ல" என்று துண்டுச்சீட்டும் வைத்தேன். மூன்று நாள் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நாலாம் நாள் காலையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆறு பேர் மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். நான் தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எதுக்கு வந்திருக்கீங்க?" என்றேன். அவர்களில் ஒருவன், பாவம், நல்லவன்தான், சங்கடத்தோடு சொன்னான்: "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா? ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டதே உங்க தம்பிதானே?"

நாலு குட்டை போனதற்கு நான் அழவில்லை. என் வீட்டு விஷயம் ஊரான் வாயால் எனக்குத் தெரியவந்ததே, அதற்குத்தான் அழுதேன். உன் அத்தான் பண்ணையை விட்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் போனது அந்த வாரம்தான். தினமும் வெறும் குட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. என்னால் முடிந்தது. எனக்குக் கோபம் துணைக்கு இருந்தது.

நேற்று நீ முதலில் எனக்குச் சொன்னாய். அதைக் கவனித்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதற்குமேல் இப்போது ஒன்றும் இல்லை.

இறால்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

இறால்கள் செத்துவிட்டன. எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் இங்கேதான் வந்து நிற்கப்போகிறேன் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இரண்டு தொட்டியில் இருபது இருபதாக விட்டோம். ஒரு தொட்டிக்கு நோய்கண்ட இறாலின் சதையைத் தின்னக் கொடுத்தோம். மற்ற தொட்டிக்கு நல்ல தீவனம் மட்டும்தான், வேறெதுவும் இல்லை. சதை தின்றவை ஆறு நாளில் முடிந்தன. தின்னாதவையும் ஒன்பதாம் நாள் முடிந்தன. அவற்றின் உடம்பில் ஏற்கெனவே இருந்த கொஞ்சம் வைரஸே பெருகித் தின்றுவிட்டது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் நாள் முழுக்க இருபத்தேழு டிகிரி, அரை டிகிரிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. காற்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, பிறவி எதிர்ப்பு இல்லை. என் ஆசைதான் அது. உன் குட்டை ஏதோ தாமதமாகச் சாகிற குட்டை என்று அலுவலகத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி அவகாசம் முடிகிறது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். பத்து நாளாக என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். முதல் நாள் சோதனை தப்பாக இருக்கும் என்று திரும்பச் செய்தேன். இரண்டாம் நாளும் அதே முடிவு. மூன்றாம் நாள் சாயங்காலம் கேன்டீனில் உட்கார்ந்து உன் எண்ணை எடுத்தேன். டீ ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஆறிப்போனது. "அக்கா" என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை வேலையாகப் பார்த்தேன் என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட்டை மறுபடி எழுதச் சொன்னாலும் எழுதுவேன். ஆனால் அந்த போனை நான் போட்டிருக்க வேண்டும்.

தப்பு என்னுடையது, அக்கா.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தின் பின்பாதியைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. இரண்டு தடவை படித்தேன். அத்தானும் படித்தார். அவர் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு டீயையும் குடிக்காம விட்டிருக்கான் பாரு, அதுதான் அவன் நெலம." அது அப்படியே இருக்கட்டும்.

முன்பாதியைப் படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நல்ல இறாலை உன்னிடம் கொடுத்தேன், கொன்று வைத்திருக்கிறாய் என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் அந்த வரி கண்ணில் பட்டது. ஒன்றுமே கொடுக்காத இருபதும் செத்துவிட்டன என்கிறாய். அதே இறால், அதே நோய், என் அழுக்குக் குட்டையில் உயிரோடு இருக்கிறது. உன் பளபளக்கும் தொட்டியில் சாகிறது. அப்படியென்றால் கோளாறு இறாலில் இல்லையடா. என் குட்டையில் இருக்கிற ஏதோ ஒன்று உன் தொட்டியில் இல்லை. இதற்குப் படிப்பு வேண்டுமா?

கொக்கைக் கூப்பிட்டேன். "இறாலெல்லாம் எங்க நிக்குது?" என்றேன்.

"கெழக்கு மூலையிலதான். அதுவும் குழாய ஒட்டிக்கிட்டு, குளிர்ல போர்வைக்குள்ள படுத்த மாதிரி."

"எத்தனை நாளா?"

"நோய் வந்ததுலேந்து. நீங்க கேக்கல, நான் சொல்லல."

இந்த மனிதரை என்ன செய்வது, நீயே சொல். ஆளையே அடிக்கலாம்போல் இருந்தது.

அது ஐஸ் தொழிற்சாலையின் பழைய இரும்புக் குழாய். இயந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீர் சூடாகி, அதன் வழியாகக் கழிமுகத்துக்குப் போகிறது. என் மூன்றாம் குட்டையின் கிழக்கு மூலையில் தண்ணீருக்குள் ஓர் ஓரமாகக் கடந்து போகும். நான் உடனே வீட்டுக்கு ஓடி, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். அது 'குறைவு' என்று மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. மனிதனுக்குச் செய்தது, இறாலுக்கு வேலை பார்க்க மாட்டேன் என்கிறது. அத்தான் தொழிற்சாலையிலிருந்து நீளத் தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். குட்டை நடுவில் இருபத்தெட்டு. குழாயை ஒட்டி முப்பத்து மூன்றரை.

அந்த மூலையில் தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றுகிற சக்கரத்தின் மோட்டார் ஏப்ரலிலேயே புகைந்துவிட்டது. ஆள் கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். சக்கரம் சுற்றியிருந்தால் சூடெல்லாம் கலைந்து போயிருக்கும். என் சோம்பேறித்தனமும் கொஞ்சம் உதவியிருக்கிறது, எழுதிக்கொள்.

இதற்குமேல்தான் முக்கியம். நான் தினமும் எத்தனை செத்தது என்று குறித்து வைக்கிறேன். எட்டாம் தேதியிலிருந்து பதினொன்றுவரை ஒன்று, மூன்று, இரண்டு, இரண்டு. பன்னிரண்டாம் தேதி பதினேழு. பதின்மூன்றாம் தேதி அறுபத்தொன்று. பதினாலாம் தேதி நூற்று நாற்பது. அத்தோடு குட்டை போயிற்று என்று நினைத்தேன். பதினைந்தாம் தேதி தொண்ணூறு. பதினாறாம் தேதி பன்னிரண்டு. பதினேழாம் தேதி மூன்று. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அப்போது புரியவில்லை. தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அத்தான்தான் சொன்னார்: "பன்னெண்டாம் தேதி காலையிலேர்ந்து பதினாலு சாயந்தரம் வரைக்கும் எங்க மெஷின் ஓடல. கம்ப்ரசர் ரிப்பேரு."

நான் நோட்டை எடுத்து அந்தத் தேதிகளின் கீழே கோடு போட்டேன். இரண்டு வருடத்தில் குட்டைக் கரையில் அவர் நின்றது அன்றைக்குத்தான்.

இப்போது நீ சொல்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், வழியில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. அவர் உன் எண்ணிக்கைகளை ஒரு தாளில் கோடாக வரைந்தார். அதன்மேல் இயந்திரம் நின்ற நாட்களைச் சிவப்பால் தீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அக்கா எந்த யூனிவர்சிட்டி?" என்றார். மூன்றாம் குட்டை என்றேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நமக்கு நோய் வந்தால் உடம்பு தானே கொதிக்கிறது. இறாலால் அது முடியாது. தண்ணீருக்கு என்ன சூடோ அதுதான் அதன் உடம்பின் சூடு. அதற்குக் காய்ச்சல் வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும் என்று தேடித்தான் போக வேண்டும். ஓணானும் சில மீன்களும் நோயில் இப்படி வெப்பம் தேடும் என்று படித்திருக்கிறேன். இந்த வைரஸுக்கு இருபத்தேழு டிகிரி பஞ்சுமெத்தை மாதிரி. முப்பத்து மூன்றில் அதனால் பெருக முடிவதில்லை. நான் என் தொட்டியில் அரை டிகிரிகூட மாறாமல் பார்த்துக்கொண்டேன் என்று பெருமையாக எழுதினேன் இல்லையா? வைரஸுக்கு வசதியான சூட்டில் கதவைப் பூட்டிவிட்டு, இறால் ஏன் பிழைக்கவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் எல்லாத் தொட்டியும் அப்படித்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் தோன்றுவதும் தெரிவதும் ஒன்றல்ல. சூடு பட்டதால் பிழைத்தனவா, அல்லது பிழைக்கிறவை சும்மா சூட்டில் போய் நிற்கின்றனவா? அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தொட்டிகளை ஓர் அகலக் குழாயால் இணைக்கப்போகிறேன். ஒன்றில் இருபத்தேழு, மற்றதில் முப்பத்து மூன்று. இறால் விரும்பினால் போகலாம், வரலாம். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு ஜோடி, ஆனால் நடுக்குழாய் அடைத்தது. நோயில்லாத இறாலை வாங்கி நோய் கொடுத்துப் பார்ப்போம்.

மேடம் இன்னும் இருபத்தொரு நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்திட்ட தாள் இதோடு இருக்கிறது. தொலைத்துவிடாதே. மூலையில் மோட்டாரைச் சரிசெய்துவிடாதே. அத்தானிடம் சொல், தொழிற்சாலை மறுபடி நிற்பதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் வேண்டும்.

கொக்கு இன்னும் என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று முழுவதும் கேட்டு எழுது.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

கொக்கு சொன்னவை: இறால்கள் காலையில் நன்றாக இருந்தால் நடுக்குட்டைக்குத் தீவனத்துக்குப் போகின்றன. சோர்ந்தவை போவதில்லை, குழாயடியிலேயே கிடக்கின்றன. நாலைந்து நாள் கிடந்த பிறகு அவையும் போகின்றன. "டூட்டி மாத்திக்கிற மாதிரி" என்கிறார்.

நேற்று காலை பவுடர் லாரி வந்தது. உன் தாளைப் பற்றி அந்த அதிகாரிக்கு யாரும் சொல்லவில்லை. இருபத்தெட்டோடு முடிந்தது, பட்டியலில் இருக்கிறது, கொட்டியே ஆக வேண்டும் என்றார். நான் மதகுக்கு முன்னால் நின்று தாளைக் காட்டினேன். "இதுல சீல் மங்கலா இருக்கே" என்றார். கொக்கு அவருக்குப் பின்னால் போய் நின்றார். அவர் உயரத்துக்கு அதுவே போதும். கடைசியில் நான் உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டதும் நீ "அக்கா" என்று மூக்கை உறிஞ்சினாய். "அழுவுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கோ, முதல்ல இந்த ஆளுகிட்ட பேசு" என்று போனை அவரிடம் நீட்டினேன். நீ என்ன சொன்னாயோ, லாரி திரும்பிப் போனது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எனக்கு அடுத்த கீழ்ப்பண்ணைக்காரரும் இருந்தார். தாடி வைத்தவர், உனக்கு அவரைத் தெரியாது, ஆறேழு வருடமாகத்தான் இருக்கிறார். "ஏங்க, உங்க ஒரு குட்டைக்காக எங்க எல்லாரையும் பணயம் வைக்கிறீங்களே" என்றார். எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. அடைத்த மதகையும் வலையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் முத்திரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் எண்ணை இனிமேல் முடக்கவில்லை. ஆனாலும் எழுது. போனில் பேசினால் இரண்டாம் நிமிடம் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவோம். எழுதினால் நீ கடைசிவரை கேட்கிறாய்.

இன்று செத்தது: ஒன்று.

அக்கா


ஜூலை 14

அக்கா,

முடிவு வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

ஒவ்வொரு ஜோடித் தொட்டியிலும் அறுபது இறால். ஆரம்பத்தில் எல்லாமே குளிர்ந்த பக்கத்தில்தான் இருந்தன. நோய் கொடுத்த மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நான் சாப்பிடப் போய்விட்டு வந்தேன். நடுக்குழாயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நோயுற்ற உயிர் தன் மருந்தை நோக்கி நடந்துபோவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மேடத்தைக் கூப்பிட்டேன். அவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் போகிறவற்றை ஒவ்வொன்றாக எண்ணினோம்.

குழாய் திறந்திருந்த ஜோடியில் அறுபதில் ஐம்பத்தொன்று உயிரோடு இருக்கின்றன. குழாய் அடைத்த ஜோடியில் குளிர்ந்த பக்கத்திலேயே மாட்டிக்கொண்ட அறுபதில் மிஞ்சியவை நாலு. பிழைத்தவற்றில் பாதிக்குமேல் ஒரு வாரம் கழித்துத் தாமாகவே குளிர்ந்த பக்கத்துக்குத் திரும்பிவிட்டன. உன் கொக்கு சொன்ன டூட்டி மாற்றம்தான்.

இனிப்பை மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆகவே கசப்பையும் எழுதுகிறேன். வைரஸ் அழியவில்லை, அடங்கியிருக்கிறது. திரும்பி வந்தவற்றில் சிலவற்றின் உடம்பில் இன்னும் இருக்கிறது. ஆகவே உன் இறாலை உயிரோடு வேறு குட்டைக்குக் கொடுக்க முடியாது, குஞ்சு பொரிக்கவும் வைக்க முடியாது. அறுவடை செய்து அங்கேயே ஐஸில் போட வேண்டும். மனிதருக்கு இந்த வைரஸால் ஒன்றும் ஆகாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீரைச் சுத்திகரித்த பிறகுதான் மதகு திறக்கும். இன்னொன்று, இது ஒரு தொட்டியில் ஒருமுறை பார்த்தது. வேறு ஆய்வகங்களும் பார்க்க வேண்டும். எல்லாக் குட்டையிலும் தண்ணீரைச் சுடவைப்பது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் ஒரு மூலை போதுமா, எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்றெல்லாம் கேட்க இப்போது நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

மேடம் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். எழுதியவர்கள் வரிசையில் உன்னையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். ஒப்புக்குச் சொல்லவில்லை. "கேள்வியும் அவங்களோடது, புள்ளிவிவரமும் அவங்களோடது. நீ தொட்டி கட்டினே, நான் கோடு போட்டேன்" என்றார்.

பத்தொன்பதாம் தேதி அறுவடை என்று அத்தான் சொன்னார். நான் வரலாமா? அலுவலராக அல்ல. வலை இழுக்க ஆள் வேண்டியிருக்கும் அல்லவா? என் இடுப்பு முன்பு மாதிரி இல்லை, இருந்தாலும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன்.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் லீவு போட்டாய் என்று கேள்விப்பட்டேன். முனையைப் பிடிக்கிறேன் என்று வந்துவிட்டு முழு வலையையும் இழுக்கச் சொன்னது யார்? அத்தான் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் ஐஸ் தொழிற்சாலையில் அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டுவிட்டார். மீதி அரை நாள் இங்கே. இரண்டாம் குட்டையைக் காயப்போட்டு உழுதுகொண்டிருக்கிறார்.

இந்தப் பெட்டியில் மூன்று புட்டி இருக்கிறது. இவை என்னுடையவை அல்ல.

நேற்றுக் காலை தாடிக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கையில் தீவனத் தட்டு. தீவனம் அப்படியே இருந்தது. "நீங்கதான் பாத்தவங்க. இது அதுதானான்னு சொல்லுங்க" என்றார். கூடவே போனேன். கரையோரம் பத்துப் பதினைந்து இறால் ஒதுங்கி நின்றன. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தலையோட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்துவிட்டது.

"யாருக்கும் சொல்லாதீங்க. ஒரு வாரம் பொறுத்துப் பாப்போம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். பட்டவங்க நீங்க."

தம்பி, அந்த நிமிடம் நான் உன்னை நினைத்தேன். அவர் கையை உதற முடியவில்லை. சரி என்று தலையாட்டவும் முடியவில்லை. அவருக்குக் கீழே பத்துப் பேர் தண்ணீர் எடுக்கிறார்கள். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, பேசாமல் உனக்கு ஒரு போன் போட்டுவிட்டால் என் வேலை முடிந்துவிடும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அது எவ்வளவு சுலபம் என்று எனக்கே பயமாகிவிட்டது.

நான் அவர் கரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவரையும் உட்காரச் சொன்னேன். "நான் சொல்லத்தான் போறேன். ஆனா உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நீங்களே அனுப்புங்க, நான் கூட இருக்கேன்" என்றேன். அவர் என்னைத் திட்டினார். எழுந்து போனார். கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடி திட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கடந்த பிறகு அவரே போய்ப் புட்டி எடுத்துவந்தார். மூடி போடும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க குட்டைய அழிச்சாங்க. அதனாலதான் என்னோடது தப்பிச்சது. இத்தனை நாள்ல உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

புட்டியின்மேல் தேதி எழுதச் சொன்னேன்.

அவர் மதகை அடைத்தாகிவிட்டது. கொக்கு நண்டு வலை கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பண்ணையில் வெந்நீர்க் குழாய் எதுவும் இல்லை. ஆனால் என் அத்தான், அதாவது உன் அத்தான் (பார், எழுதும்போதே தடுமாறுகிறேன்), காலையிலிருந்து ஒரு டேப்பை வைத்துக்கொண்டு தொழிற்சாலைக் குழாய்க்கும் அவர் குட்டையின் வடக்கு மூலைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டிருக்கிறார். நாற்பத்திரண்டு மீட்டர் என்கிறார். ஒரு கிளைக் குழாய் இழுத்து, அந்த மூலையில் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா என்று மேடத்திடம் கேள். கூடாது என்றால் கூடாது. விதியை மீறிச் செய்ய மாட்டோம்.

தாடிக்காரர் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்று இதோடு நாலாவது தடவை கேட்கிறார். என் தம்பி சீக்கிரம் பார்த்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். அவருடைய எண் கீழே இருக்கிறது. முடிவு எதுவானாலும் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடு. என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்காதே, கூப்பிடு. அவர் எடுக்கிறபோது நான் பக்கத்தில் இருப்பேன்.

அக்கா